தெரியாதுன்னு சொல்ற பெட்டி

அந்த அக்கா பேரை மட்டும் கேக்காதீங்க. சொல்லிட்டேன்னு வைங்க, "என் பேரை எதுக்குடா இழுத்த?"ன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு நான் பதில் சொல்லணும். அவங்க கேள்விக்கு பதில் சொல்லி ஜெயிச்ச ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

நான் மரக்காணத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். படிப்பு விஷயத்துல, ஸ்கூல் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன்னு சிலரைச் சொல்வாங்கள்ல, அந்த ரகம் இல்ல. நான் ஒதுங்கினேன். மழை விட்டதும் வந்துட்டேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் போர்டு வந்தா கலரைப் பாத்துட்டு போயிடுவேன். ஆனா வாய் மட்டும் காலேஜ் முடிச்ச வாய். யாரு இன்னா கேட்டாலும் டக்குன்னு பதில் வந்துரும். ஆரோவில் பக்கம் சுத்துற வெள்ளைக்காரங்க ஸ்கூட்டரை நிறுத்தி வழி கேப்பாங்க. இன்னா கேக்குறாங்கன்னே புரியாது. அதுக்குள்ள கை தானா நீண்டுரும். ஒருதபா ஒரு ஜோடி இரும்பைங்கிற ஊரு கோயிலைக் கேட்டுச்சு போல. நான் உப்பளத்துக்கு அனுப்பி வெச்சேன். சாயந்திரம் அதே வழியா திரும்பி வந்தாங்க, என்னைப் பாத்து கையை ஆட்டுனாங்க. டாட்டா காட்டுனாங்களா, திட்டுனாங்களான்னு இன்னிவரைக்கும் தெரியல.

இப்பேர்ப்பட்டவன் வண்டிக்கிட்டதான் அந்த அக்கா வந்து நின்னாங்க. மரக்காணம் பக்கத்துல ஒரு குப்பம், அவங்க வீட்டுக்காரருக்கு சொந்தமா ஒரு ஃபைபர் போட்டு, மீன் புடிக்கிற படகு. அவரு புடிக்கிறதை அக்கா கொண்டாந்து விப்பாங்க. இடுப்புல மீன் கூடை, மேல ஈர சாக்கு.

"ஏம்பா, மார்க்கெட்டு கூடுறதுக்குள்ள கொண்டு போய் விட்டுருவியா?"

"விட்டுருவேன் ஏறுங்கக்கா."

என்னைக் கீழ இருந்து மேல வரைக்கும் பாத்தாங்க. பின்னாடி நின்ன ஆட்டோவுக்குப் போனாங்க. அந்த ஆட்டோக்காரன் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தான். அதே கேள்வி. அவன், "தெரியலம்மா, வழியில உப்பு லாரி எதுனா குறுக்க நின்னா லேட்டாவும்"னான். ஏறி உக்காந்துட்டாங்க.

எனக்கு மண்டை காஞ்சிருச்சு. மறுநாள் நேராவே கேட்டேன், "இன்னாக்கா, முடியும்னு சொன்னவனை விட்டுட்டு தெரியலன்னவன் வண்டியில ஏறுறீங்க?"

"நீ யோசிக்கவே இல்லியே. நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதிலை எடுத்து நீட்டுற. அப்போ அது என் கேள்விக்கு வந்த பதில் இல்ல. முன்னாடியே பண்ணி வெச்ச பதில்."

சரி, தொழில் ரகசியம் கெடைச்சிருச்சுன்னு நான் ஒரே சந்தோஷம். அடுத்த நாள் மார்க்கெட்டு கூடுறதுக்குள்ள போயிடலாமான்னாங்க. "தெரியாதுக்கா"ன்னேன். ஏறிட்டாங்க. அன்னியில இருந்து அவங்க எனக்கு ரெகுலர் சவாரி. நானும் எதைக் கேட்டாலும் அதையே சொன்னேன். மழை வருமா? தெரியாதுக்கா. உன் பொண்டாட்டி நல்லாருக்காளா? தெரியாதுக்கா. டீசல் இருக்கா? தெரியாதுக்கா.

உப்பளத்துக்கு நடுவுல வண்டி நின்னுச்சு. ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு பாத்தி, மேல வெயில், நிழலுக்கு ஒரு மரம் கெடையாது. நான் எறங்கி தள்ளுறேன், அக்கா மீன் கூடையோட உள்ள உக்காந்திருக்காங்க.

"டீசல் தெரிஞ்சிருக்கணும்டா."

"தெரியாதுன்னாதான் உங்களுக்குப் புடிக்குமேக்கா!"

"தெரிஞ்சுக்க முடியாததை தெரியாதுன்னு சொல்லு. இது மீட்டர் முள்ளைப் பாத்தா தெரியுது."

"முள்ளு வேலை செய்யாதுக்கா."

"அதையில்ல மொதல்ல சொல்லியிருக்கணும்?"

தள்ளிக்கிட்டே யோசிச்சேன். எது தெரிஞ்சிருக்க வேண்டியது, எது தெரியாதுன்னு சொல்ல வேண்டியது? அன்னிக்கு ஆரம்பிச்ச குழப்பம் இன்னும் தீரல. கேட்டா, "அதை நீதான் கண்டுபுடிக்கணும்"னுவாங்க. கண்டுபுடிக்கிற ஆளா இருந்தா நான் எதுக்கு ஆட்டோ தள்ளுறேன்?

ஆனா எங்க பேச்சுல ஒண்ணு மட்டும் அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும். "நாளைக்கு வர்றியா பாய்?"னா நான் "இன்ஷா அல்லாஹ்"ன்னுவேன். "நல்ல வார்த்தை வெச்சிருக்கீங்கப்பா. அடிச்சு சொல்லாம, மேல கையக் காட்டிட்டு வர்றீங்க பாரு." நான் வர்றதுக்கு மனசில்லாத அன்னிக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்வேன்ங்கிறதை அவங்ககிட்ட சொல்லிக்கல.

அவங்க வழி எப்பவுமே சரியான்னா, அங்கயும் எனக்குக் குழப்பம்தான். பொண்ணுக்கு மாப்ள பாத்தாங்க. மொத வந்த பையன் நல்ல வேலை, நல்ல சட்டை. "என் பொண்ணை நல்லா வெச்சுப்பியா?"ன்னாங்க. "ராணி மாதிரி வெச்சுப்பேங்க"ன்னான். டீயோட அனுப்பிட்டாங்க. ரெண்டாவது வந்தவன் நெத்தியெல்லாம் வேர்வை. "தெரியலீங்க, முயற்சி பண்றேன்"னான். கல்யாணம் முடிஞ்சிருச்சு. கொஞ்ச நாள் கழிச்சு பொண்ணு போன் பண்ணுது, நான் ஓட்டிக்கிட்டே கேக்குறேன்: "எதைக் கேட்டாலும் தெரியலங்கிறாரும்மா. சாப்ட்டீங்களான்னாகூட தெரியலங்கிறாரு!" அக்கா போனை வெச்சுட்டு குப்பம் வர்ற வரைக்கும் கூடை மேல இருந்த சாக்கையே சரி பண்ணிக்கிட்டு வந்தாங்க. நானும் கண்ணாடியில அவங்க மூஞ்சியப் பாக்கல. சிரிச்சிருவேன்.

இப்ப அவங்க வீட்டுக்காரர். அண்ணன்னுதான் கூப்புடுவேன். ஆளு தங்கம். கடல்ல எறங்குனா ராஜா. ஒரே ஒரு கொறை, தெரியாதுங்கிற வார்த்தை அவரு வாயில வராது. எனக்கும் வராதுதான், ஆனா நான் தப்பா சொன்னா வெள்ளைக்காரன் உப்பளம் பாப்பான், அவ்ளோதான். அவரு தப்பா சொன்னா ஒரு போட்டு ஆளுங்க போவாங்க.

ஒருதபா மழை மூட்டம், கரையே தெரியல. நம்ம குப்பம்தான்னு அடிச்சு சொல்லி போட்டை ஏத்திட்டாரு. எறங்குனா அனுமந்தை, வேற ஊரு. அங்க வலை பிரிச்சிக்கிட்டு இருந்தவங்க, "யாருப்பா நீங்க?"ங்கிறாங்க. இவரு, "நாங்க இந்த ஊரு, நீங்க யாரு?"ங்கிறாரு. அந்த ஊரு ஆளுங்ககிட்டயே இது அனுமந்தை இல்லன்னு சண்டை போட்டிருக்காரு! கடைசியில ஒரு கெழவரு அவங்க ஊரு கோயிலைக் காட்டுனப்பதான் நிறுத்துனாராம். வீட்டுக்கு வந்து சொன்னது: "நான் சரியாத்தான் வந்தேன். நீரோட்டம் தப்பா போச்சு."

குப்பமே சிரிச்சுது. அக்கா சிரிக்கல. எங்கிட்ட சொன்னாங்க, "அனுமந்தையில மணல்தான் இருந்துச்சு, ஏறிட்டாங்க. நம்ம முகத்துவாரத்துல ஏமாந்தா?"

முகத்துவாரம்னா கழுவெளி ஏரித் தண்ணி கடல்ல சேர்ற வாய். அந்தக் குப்பத்து போட்டெல்லாம் அது வழியாத்தான் உள்ள வரணும். வாய் சின்னது. ரெண்டு பக்கமும் தண்ணிக்கு அடியில மணல் மேடு. கொஞ்சம் தள்ளி வந்தா மேட்டுல அலை ஒடைஞ்சு போட்டைக் கவுத்துப் போட்டுரும். போட்டுல இவரு மட்டுமா? அக்காவோட சொந்தத் தம்பி, பக்கத்து வீட்டு ரெண்டு பேரு.

"ஜிபிஎஸ் வாங்கு"ன்னாங்க அண்ணன்கிட்ட. "எனக்கே வழி சொல்ல ஒரு பெட்டியா?"ன்னாரு. "அப்போ நானே வாங்குறேன்"ன்னுட்டு என் ஆட்டோவுல ஏறிட்டாங்க. கோடைக்காலம், இஞ்சின் ரிப்பேருக்காக போட்டைக் கரையில ஏத்தி வெச்சிருந்தாங்க. கடலுக்குப் போறதுக்குள்ள பெட்டி வந்தாகணும்.

பாண்டியில ஒரு கடை, வலை, கயிறு, இஞ்சின் சாமான், ஜிபிஎஸ் எல்லாம் விப்பாங்க. என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னா, நான் ஆட்டோவுல போன் மேப்பு வெச்சிருக்கேனாம், அதனால வெவரம் தெரிஞ்சவனாம். அந்த மேப்பு பேசுற பொம்பளை இங்கிலீஷ்ல பேசும். வாழ்க்கையில நான் எதிர்த்துப் பேசாத ஒரே பொம்பளை அதுதான். நீலக்கோடு போற பக்கம் வண்டியத் திருப்புவேன். இதுதான் என் வெவரம்.

கடைப் பையன் வரிசையா எடுத்து வெச்சான். ஒண்ணு தொடுற ஸ்கிரீன், ஒண்ணு பட்டன், ஒண்ணு மேப்போட, ஒண்ணு மேப்பில்லாம, சார்ஜ் போடுறது, பென்சில் பேட்டரி போடுறது. எனக்கு எல்லாமே சோப்பு டப்பா மாதிரிதான் இருந்துச்சு. நானும் ஒவ்வொண்ணா கையில எடுத்து, எடை பாத்து, தலையை ஆட்டி வெச்சேன்.

தொடுறதை நீட்டுனான். "இதான் லேட்டஸ்ட்டு. எங்க இருந்தாலும் கரெக்டா காட்டும்க்கா."

"இப்ப எங்க இருக்கோம்னு காட்டு."

காட்டுச்சு. பையன் மொகம் மாறிருச்சு. "இது... சென்னைன்னு காட்டுது. கடைசியா அங்கதான் ஆன் பண்ணாங்க. கொஞ்ச நேரத்துல மாறிரும்க்கா."

"மாறுற வரைக்கும் தப்புன்னு சொல்லுமா?"

"அப்படியெல்லாம் சொல்லாதுக்கா, கம்பெனி பீசு."

"கம்பெனி பீசு, பாண்டியில உக்காந்துக்கிட்டு சென்னைன்னு சாதிக்குது. வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுப்பா." சொல்லிக்கிட்டே முந்தானை முடிச்சை அவுத்தாங்க. நான் காசு எடுக்குறாங்கன்னு நெனச்சேன். உப்பு. நம்மூர் கல்லுப்பு. குடிக்கிற தண்ணியில கையை நனைச்சு, உப்பைத் தேச்சு, அந்த ஸ்கிரீனைத் தொட்டாங்க. அது பேய் புடிச்ச மாதிரி தானா ஓடுது, பெருசாவுது, சின்னதாவுது. பையன், "ஐயோ அக்கா!"ன்னு புடுங்கி சட்டையிலயே தொடைக்கிறான்.

"கடல்ல என் வீட்டுக்காரர் கை இப்படித்தாம்ப்பா இருக்கும். இன்னா, கையக் கழுவிட்டு வந்து வழி கேக்கணுமா?"

அடுத்தது பட்டன் வெச்சது. பையனுக்கு இப்ப ஜாக்கிரதை வந்துருச்சு. "இதுல காம்பஸ் இருக்குதுக்கா. சும்மா நின்னாக்கூட அம்புக்குறி திசை காட்டும். ஆனா பேட்டரி மாத்துனா மூணு பக்கமும் சுத்திக் காட்டணும், இல்லன்னா தப்பா காட்டும்."

"தப்பா காட்டும்போது..."

"சொல்லாதுக்கா." பையனே ஒத்துக்கிட்டு எடுத்து உள்ள வெச்சுட்டான்.

கடைசியா ஒண்ணு. இருக்குறதுலயே சாதா. பட்டன், பென்சில் பேட்டரி, காம்பஸ் கெடையாது. ஆன் பண்ணான். ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல, ஏதோ சுத்திக்கிட்டே இருக்குது. பையனுக்கு வெக்கமா போச்சு. "மேல காங்கிரீட்டுக்கா, சாட்டிலைட்டு தேடுது. வெளிய போனா வந்துரும்."

அக்கா குனிஞ்சாங்க. "அப்போ இப்ப இதுக்குத் தெரியாது?"

"இப்ப தெரியாதுக்கா."

"தெரியாதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்குதா?"

"ஆமாங்க்கா. ஆனா வெளிய..."

"நின்னா எந்தப் பக்கம்னு சொல்லுமா?"

"இது நடந்தாதான் சொல்லும்க்கா. நின்னுட்டா அம்பு நம்பக் கூடாது."

அக்கா மொகத்துல அப்படியொரு வெளிச்சம். ரெண்டாவது மாப்ளயப் பாத்த அன்னிக்கு இருந்த அதே வெளிச்சம். "அக்கா, அந்தக் காம்பஸு வெச்சதே..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ சொல்லு பாய், எது நல்லது?"

"தெரியாதுக்கா"ன்னேன். அது பழக்கத்துல வந்ததா, நெஜமாவே தெரியலியான்னு எனக்கே தெரியல.

மெதக்குமான்னு கேட்டாங்க. மெதக்கும்னான். "போடு"ன்னாங்க, கடை பக்கெட்டுல. மெதந்துச்சு, குப்புற. வாங்கியாச்சு.

சோதனை அதோட விட்டுச்சா? திரும்பி வர்ற வழியில உப்பளத்துல வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. ஆட்டோ நின்ன எடத்துல ஒரு பட்டனை அமுக்கி, ஒரு வீடு படம் போட்டு சேவ் பண்ணாங்க. வாடகை வீட்டுல இருக்குற எனக்கு ஆட்டோவாவது சொந்த வீடாச்சேன்னு ஒரு ஆறுதல். அப்புறம் என்னை வரப்பு வரப்பா எங்கயோ கூட்டிட்டுப் போனாங்க. என் துண்டை எடுத்து குதிரைக்குக் கட்டுற மாதிரி கண்ணுக்கு ரெண்டு பக்கமும் மறைச்சுக் கட்டி, நாலு சுத்து சுத்தி விட்டாங்க.

"பெட்டியை மட்டும் பாரு. வீட்டுக்குப் போ."

நானும் பாத்தேன். நடந்தேன். அம்பு நேரா காட்டுச்சு, நானும் நேரா போனேன். கால் சில்லுன்னுச்சு. அப்புறம் நறநறன்னுச்சு.

"டேய் எரும! உப்பு எடுக்குற பாத்தியில கால வெக்கிற! எங்கடா பாத்து நடக்குற?"

துண்டை அவுத்துப் பாத்தா, அன்னிக்குத்தான் பூத்து நிக்குற உப்பு மேல நடுப்பாத்தியில நிக்கிறேன். உப்பு வாருற பலகை புடிச்ச ஒரு அம்மா அந்தப் பலகையோடவே ஓடி வருது. எங்க ஊருல மசூதிக்குள்ள செருப்போட போனாக்கூட தப்பிச்சிரலாம், பூத்த பாத்தியில கால வெச்சா தப்பிக்க முடியாது.

"ஜிபிஎஸ் சொல்லுச்சும்மா!"

"எவன்டா அவன் ஜிபிஎஸ்சு? அவனையும் கூப்புடு!"

வரப்பு வளைஞ்சு வளைஞ்சு போவுது, அம்புக்கு அது தெரியாது. அதுக்கு ஆட்டோ அங்க, நான் இங்க, நடுவுல ஒண்ணும் கெடையாது. நான் அந்தம்மாகிட்ட கும்புடு போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். சிரிப்பாங்கன்னு பாத்தா, அக்கா பெட்டியவே மொறைச்சிக்கிட்டு நின்னாங்க.

"நடுவுல இன்னா இருக்குதுன்னு இதுக்குத் தெரியல."

"ஆமாக்கா."

"தெரியலன்னு சொல்லவும் இல்ல."

திருப்பிக் குடுத்துரலாமான்னேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இதை விட்டா வேற எது?"ன்னு அவங்களையே கேட்டுக்கிட்டாங்க. அந்த அக்கா குழம்பி நின்னதை அன்னிக்குத்தான் பாத்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. குழம்புறது என் டிப்பார்ட்மெண்டு.

ரிப்பேரு முடிஞ்சு போட்டு கடல்ல எறங்குச்சு. அண்ணன் மொதல்ல பெட்டியத் தொடல. அப்புறம் தொட்டாரு. அப்புறம் விடல. முகத்துவாரத்துல போட்டு நுழையிற எடத்துல ஒரு கொடி படம் போட்டு வெச்சுக்கிட்டாரு. அக்கா சொல்லிப் பாத்தாங்க, "வாய் நகரும்யா, மழை வந்தா மணல் மாறும். கொடி நகராது." அவரு, "எனக்குத் தெரியும்டி"ன்னாரு. அவ்ளோதான். இப்ப குப்பத்துல தெரியாதுன்னு சொல்லாத ஆளு ஒண்ணு, பெட்டி ஒண்ணு. ரெண்டும் கூட்டு சேர்ந்துருச்சு.

ஐப்பசி வந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் வானம் வெறிச்சிருந்துச்சுன்னு போட்டு போயிருச்சு. ராவெல்லாம் மேற்க எங்கயோ கொட்டித் தீத்திருக்கு. வெடியிறதுக்குள்ள கழுவெளி ரொம்பி, வெள்ளம் மணலை வேற எடத்துல ஒடைச்சுக்கிட்டு கடலுக்குப் போவுது. பழைய வாயில மணல் ஏறிக் கெடக்குது. இது கரையில இருக்குறவங்களுக்குத் தெரியும். கடல்ல இருக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?

காலையில அக்கா போன். "பாய், வண்டிய எடுத்துட்டு வா." இன்ஷா அல்லாஹ்கூட சொல்லல, ஓடினேன். கரைக்குப் போனா மழை மூட்டம், பத்தடிக்கு அப்பால ஒண்ணுமே தெரியல. அலை சத்தம் மட்டும். அக்கா என் ஆட்டோவுக்குள்ள உக்காந்து போட்டுக்குப் போன் போடுறாங்க, போவல. திருப்பிப் போடுறாங்க, போவல. கரைக்குக் கிட்ட வந்தாதான் டவர் கெடைக்கும். கெடைச்சாலும் பயம், கெடைக்கலன்னாலும் பயம்.

கெடைச்சுது. தம்பிக்காரன் போன், பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்கும், ஸ்பீக்கர்லதான் பேசுவாங்க. அண்ணன் குரல்.

"வந்துட்டோம்டி. முகத்துவாரம் எதுக்கதான் இருக்குது. உள்ள வர்றோம்."

"யோவ், நிறுத்து. வாய் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"கண்ணுல தெரியுதா?"

"கொடி காட்டுதுடி. நேரா."

"கொடியைக் கேக்கல. வாய் ராத்திரி நகந்துருச்சு, அங்க மணல். உன் கண்ணுக்கு இன்னா தெரியுது?"

"எனக்குத் தெரியாதா? எத்தினி வருஷமா..."

"உன் கண்ணு முன்னாடி இன்னா இருக்குதுன்னு சொல்லுய்யா. என் தம்பி இருக்கான் உங்கூட. சொல்லு."

இஞ்சின் சத்தம் வருது. யாரோ இருமுறாங்க. கட்டாயிருச்சோன்னு நான் எட்டிப் பாத்தேன், கட்டாவல. அக்கா போனை ரெண்டு கையால புடிச்சிருந்தாங்க. அப்புறம் இஞ்சின் சத்தம் கொறைஞ்சுது.

"தெரியலடி"ன்னாரு.

அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. சின்னப் புள்ள குரல் மாதிரி இருந்துச்சு.

"சரி. நங்கூரத்தைப் போடு. மூட்டம் கலையிற வரைக்கும் அசையாத."

மூட்டம் லேசா கலைஞ்சப்ப பாத்திருக்காங்க. போட்டுக்கு நேர் எதிர்ல, கொடி படம் காட்டுன அதே எடத்துல, அலை வெள்ளையா எழும்பி எழும்பி ஒடையுது. சுத்திக்கிட்டு புது வாய் வழியா வந்து சேந்தாங்க. தம்பிக்காரன் எறங்குனதும் மணல்லயே உக்காந்துட்டான். அண்ணன் எறங்குனாரு. அக்கா நிக்கிறாங்க. அவங்களைத் தாண்டி, மொகத்தைக்கூட பாக்காம, நேரா வீட்டுக்குப் போயிட்டாரு.

பேசவே இல்ல. சோறு போட்டா திங்கிறாரு, தட்டைக் கழுவி வெக்கிறாரு, பேச்சு மட்டும் கெடையாது. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சுல்ல, போட்டுல இருந்த எல்லாரும் கேட்டுட்டாங்க. அவங்க கேட்டா குப்பமே கேட்ட மாதிரி. டீக்கடையில, "அண்ணே, டீயா காபியா, தெரியலியா?"ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அன்னியில இருந்து டீக்கடைப் பக்கமே போறதில்ல. அந்த ஒருத்தன் நான்தான். வாய் முந்திக்கிச்சு. சொன்ன ஒடனே அவரு மொகத்தைப் பாத்துட்டு, எனக்கும் டீ எறங்கல.

அக்காகிட்ட போய், "பேசச் சொல்லுங்கக்கா, மன்னிப்பு கேட்டுருங்களேன்"னேன்.

"எதுக்கு? பேசாம போறாரு. உசுரோட பேசாம போறாரு. போவட்டும்."

ஆனா முந்தானையத் திருகிக்கிட்டே சொன்னாங்க. அவங்க செஞ்சது சரியா, அந்த மனுசனை நாலு பேரு முன்னாடி அப்படிச் சொல்ல வெச்சிருக்கணுமா, அவங்களுக்கே தெரியலன்னு நெனைக்கிறேன். கேட்டா சொல்லியிருப்பாங்க. கேக்க எனக்குத் தைரியம் இல்ல.

இதுல பெரிய கஷ்டம் இன்னான்னா, மழை நிக்கல. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வாய் நகருது. பெட்டிக்குள்ள இருக்குறது பழைய கொடி. புதுசா போடணும்னா கரையில நின்னு பாத்த ஆளு சொல்லணும். தெனம் பாக்குறவங்க அக்கா. அவங்களை இவரு கேக்க மாட்டாரு. இவரு கேக்காம அவங்க சொல்ல மாட்டாங்க.

ஒரு நாள் காலையில அண்ணன் ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துட்டாரு. கையில பெட்டி. "டேய், முகத்துவாரத்துக்கு விடு. அவகிட்ட சொல்லாத."

போனோம். வண்டி போற வரைக்கும் போயி, அப்புறம் மணல்ல நடந்தோம். அங்க தண்ணி ஓரமா, புது வாய்க்கு அடையாளமா ஒரு சவுக்குக் கழி நட்டிருந்துச்சு. உச்சியில கிழிஞ்ச புடவைத் துண்டு, காத்துல ஆடிக்கிட்டு. புது மணல்ல கால் தடம், வந்த தடம், போன தடம். அண்ணன் அந்தத் துணியப் பாத்தாரு. எனக்கே அது யாரு புடவைன்னு தெரியும், அவருக்குத் தெரியாதா?

கழிக்குப் பக்கத்துல நின்னு பெட்டியை எடுத்தாரு. பட்டன் மேல விரலை வெச்சாரு. அமுக்கல. தண்ணியப் பாத்தாரு. கழி நட்ட அப்புறமும் வெள்ளம் வந்திருக்கும் போல, வாய் ரெண்டா பிரிஞ்சு ஓடுது. ஒண்ணு கழிக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். ரெண்டும் ஒரே அகலம், ஒரே கலர், ஒரே வேகம். கழியைப் புடுங்கி அந்தப் பக்கம் நட்டாரு. நின்னு பாத்தாரு. புடுங்கி இந்தப் பக்கம் நட்டாரு. மறுபடியும் புடுங்குனாரு.

"எதுடா ஆழமா இருக்கும்?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. கை தானா தூக்கிக்கிட்டு ஒரு பக்கம் நீளுது. அந்தக் கையை இன்னொரு கையால புடிச்சு எறக்குனேன்.

அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் கடலைப் பாத்தாரு. மேற்க மறுபடியும் மேகம் கட்டுது. மத்தியானம் போட்டு எறங்கணும்.

"போயி அவளைக் கூட்டிட்டு வா."

"இன்னான்னு சொல்லிக் கூப்புடட்டும்ண்ணே?"

"கூட்டிட்டு வாடான்னா."

மணல்ல ஓடிப் போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணேன். திரும்பிப் பாத்தேன். கழியைக் கையில புடிச்சுக்கிட்டு, எங்கயும் நடாம, அப்படியே நின்னுக்கிட்டு இருந்தாரு.